கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

சோமனூரில் தறி நின்றால் முதலில் காதுக்குத்தான் தெரியும். இரவு பகலாகத் தடதடத்த வீதியில் திடீரென்று காக்கை கரைவது கேட்கும். நாலு வீடு தள்ளிக் குக்கர் விசிலடிப்பது கேட்கும். 2025 மார்ச் 19-ஆம் தேதி, கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர்கள் தறியை நிறுத்தியபோது கோவை, திருப்பூர் மாவட்டங்களில் பல ஊர்கள் இப்படித்தான் அடங்கிப் போயின. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, சோமனூர் ரகத் துணிக்கு 15 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம் கூலி உயர்வு என்று பேசி முடித்தார்கள். இந்த ஊருக்கு இது புதிதல்ல. 2021 நவம்பரில் ஒப்புக்கொண்ட கூலி கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியிலும் தறி நின்றது.

கூலிக்கு ஓடும் தறிக்குடோன்களில் பல, வீட்டை ஒட்டியே இருப்பவை. தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, கணவர் இரவு ஷிப்ட் முடித்துக் கண்ணயரும் நேரத்தில் தறியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் விழும். எந்தக் கூலிக் கணக்கிலும் அந்த உழைப்புக்குத் தனி இடம் கிடையாது. தறி நின்ற நாள்களிலோ வேறொரு வேலை வந்து சேரும்: பாலைப் பாதியாக்குவது, மளிகைக் கடையில் சொல்லி வைப்பது, குழுக்கடனின் வாரத் தவணைக்கு வழி தேடுவது. குழுவில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். கூலி தரும் ஜவுளி உற்பத்தியாளருக்கும் தறிக்காரருக்கும் இடையே தொடங்கிய தகராறு, நாலாவது வாரத்தில் இரண்டு பெண்களுக்கு இடையே குழாயடியில் வந்து நிற்கும். பேச்சுவார்த்தைக்குப் போன ஆண்கள் திரும்பும் இரவில் வாசலில் காத்திருப்பவள் கேட்பது ஒரே கேள்விதான்: "முடிஞ்சுதுங்ளா?"

அந்தக் கேள்வியில் ஓர் அறச்சிக்கல் இருக்கிறது. ஒரு சண்டையின் சுமையைச் சுமக்கிறவருக்கு, அந்தச் சண்டையைத் தீர்க்கும் இடத்தில் உட்கார உரிமை உண்டா? உண்டு என்று யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். எதனால் உண்டு என்று கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்கும். பெண்கள் வந்தால் காரியம் நன்றாக முடியும் என்பதாலா, முடிவு எப்படிப் போனாலும் அந்த இடம் அவர்களுக்கு உரியது என்பதாலா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் 2000 அக்டோபர் 31-இல் நிறைவேற்றிய 1325-ஆம் தீர்மானம், அமைதிப் பேச்சிலும் பாதுகாப்புப் பணியிலும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றது. போர் நடந்த நாடுகளுக்கான பேச்சு அது என்று சோமனூர் ஒதுங்கிவிட முடியாது. 1998 பிப்ரவரி 14-இல் தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்களை இழந்த கோவை, இங்கிருந்து ஒரு பஸ் தூரம். இன்றும் விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் அதிகாரிகள் அமைதிக் கூட்டம் கூட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். விழாக்குழு, ஜமாத், கட்சிக்காரர்கள், வியாபாரிகள் சங்கம் என்று அழைப்புப் போகும். போன வருஷப் பட்டியலை வைத்து இந்த வருஷப் பட்டியலை எழுதினால் போன வருஷம் இல்லாதவர் இந்த வருஷமும் இருக்க மாட்டார். வேண்டாம் என்று யாரும் தீர்மானம் போட்டுப் பெண்களை விலக்கவில்லை. விலக்கல் என்பது பெரும்பாலும் இப்படி, யாருடைய கெட்ட எண்ணமும் தேவைப்படாமலே நடந்துவிடுகிறது. யாரும் செய்யாத தவறுக்கு யாரும் பொறுப்பில்லை என்று விட்டுவிடலாமா என்பதே அறம் கேட்கும் கேள்வி.

பெண்களை அழைக்கச் சொல்பவர்கள் வழக்கமாக முன்வைக்கும் காரணம், பெண் இயல்பிலேயே சாந்தமானவள், தாயுள்ளம் உடையவள் என்பது. கேட்க இனிமையான இந்த வாதம் சரித்திரத்தின் முன் நிற்காது. ஈழப் போரில் துப்பாக்கி ஏந்திக் களத்தில் நின்ற பெண் படையணிகளைத் தமிழ் வாசகர் அறிவார். தடியடியில் ஈடுபடும் பெண் காவலரின் கை மென்மையாக விழுவதில்லை. தாய்மையை அனுமதிச் சீட்டாக்குவதில் இன்னொரு பொறியும் உண்டு. 1984-இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாகி, கைதான இளைஞர்களை விடுவிக்கக் கோரித் தெருவில் இறங்கியது. அதே ஆண்டில்தான் நாகாலாந்தில் நாகா அன்னையர் சங்கமும் பிறந்தது. தாய் என்று வந்தவர்களைத் தெருவில் ஊர் மதித்தது. ஆனால் தெருவில் அழுவதற்குப் போதுமாக இருந்த தாய்மை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மேசைக்குப் போதுமானதாகக் கருதப்படவில்லை. சாந்தமாக இருப்பாள் என்று நம்பி இடம் கொடுத்தவர்கள், அவள் கோபப்பட்ட அன்று இடத்தைத் திரும்பக் கேட்பார்கள். குணச் சான்றிதழ் காட்டிப் பெறுவதை உரிமை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் பயன். இதற்குச் சான்றுகள் வலுவானவை. லைபீரியாவில் 2003-இல் லேமா போவி முதலான பெண்கள் வெள்ளுடை அணிந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடியது, உள்நாட்டுப் போரை முடித்த பேச்சுக்கு உந்துதலானது. போவிக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நாட்டுக்கே 2007 ஜனவரியில் இந்தியாவின் மத்திய ரிசர்வ் போலீஸ் படையிலிருந்து ஒரு பெண்கள் அணி போய் இறங்கியது. ஐ.நா. அமைதிப் பணியில் முழுக்கப் பெண் காவலர்களைக் கொண்ட முதல் அணி அது. 2016 வரை ஒன்றன்பின் ஒன்றாக அணிகள் மாறி மாறிப் பணியாற்றின. அவர்களைப் பார்த்து உள்ளூர்ப் பெண்கள் காவல் பணிக்கு வரத் துணிந்தார்கள் என்று ஐ.நா. பாராட்டியது. பெண்கள் பங்கேற்ற உடன்பாடுகள் கூடுதல் காலம் நீடிக்கின்றன என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு.

இவையெல்லாம் உண்மை. ஆனால் பயனை மட்டும் அடித்தளமாக வைத்தால் பெண்ணுக்கு ஒரு தேர்வு வைக்கிறோம், ஆணுக்கு அந்தத் தேர்வே இல்லை. ஆண்கள் மட்டும் பேசி முறிந்துபோன உடன்பாடுகள் எத்தனையோ. அதைக் காரணம் காட்டி இனி ஆண்களைக் கூப்பிட வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. 2021-இல் பேசிய கூலி 2022-இல் கிடைக்காமல் போனதற்கும் பேசியவர்களின் பாலினம் காரணமாகச் சொல்லப்படவில்லை.

மிஞ்சுவது மூன்றாவது காரணம். முடிவின் விலையைக் கொடுப்பவர், முடிவு எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். இது கடைத்தெரு நியாயம். கூட்டு வியாபாரத்தில் முதல் போட்டவரைக் கேட்காமல் கணக்கு முடிப்பதில்லை. தறி நின்ற மாதத்தில் வீட்டில் முதல் போட்டவள் பெண். நகையை அடகுக் கடைக்குக் கழற்றிக் கொடுத்ததும் அவள்தான்.

சரி, இடம் கொடுத்தாயிற்று என்றால் கடமை தீர்ந்ததா? தமிழ்நாட்டுக் காவல்துறை இதற்குப் பாடம். 1973-இல் ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள் என 22 பெண்களோடு தொடங்கிய படை அது. 1992-இல் சென்னை ஆயிரம்விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 2010-இல் லத்திகா சரண் மாநிலக் காவல்துறையின் முதல் பெண் தலைமை இயக்குநரானார். பெருமைப்பட வேண்டிய வரிசை இது. எனினும் இந்தப் பெருமைக்கு உள்ளேயே வேறொன்றும் நடக்கிறது. மகளிர் காவல் நிலையத்துக்கு அடிவாங்கி வரும் பெண்ணிடம், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் பெண்ணாகவே இருந்து, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி அனுப்புவது உண்டு. பதிவேட்டில் அது சமரசம். வீட்டுக்குத் திரும்பியவளுக்கு அது என்ன என்று பதிவேடு கேட்பதில்லை. ஒருத்தியின் வாயை அடைத்து வாங்கும் அமைதியைப் பெண் வாங்கிக் கொடுத்தாலும் அது அமைதி ஆகாது.

மேலே போனால் மட்டும் நிலைமை மாறிவிடுவதும் இல்லை. 2021-இல் பெண் காவல் கண்காணிப்பாளர் ஒருவர், தம்மைவிடப் பல படி உயர்ந்த சிறப்பு டிஜிபி மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. துப்பாக்கியும் அதிகாரமும் உள்ள பெண்ணுக்கே பாதை இத்தனை கரடுமுரடு என்றால், காவலராகப் பணியில் சேரும் சோமனூர்ப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? கொங்கு நாட்டிலேயே, 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு வெளியே வந்தபோது, பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் காவல்துறை வழியாகவே வெளிப்பட்டது. அதற்குப் பின்னும் பெண்கள் முன்வந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13-இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்த நீதிக்கு முதற்கல் வைத்தவர்கள் எந்தச் சீருடையும் அணியாத பெண்கள்.

மறுப்புகளையும் நேர்மையாக எடைபோட வேண்டும். ஆபத்தான பணியில் பெண்களை நிறுத்துவது கருணையா என்பது ஒன்று. இதற்குத் தமிழ்நாட்டில் நுட்பமான ஓர் உதாரணம் இருக்கிறது. முக்கியப் பிரமுகர்கள் செல்லும் சாலைகளின் ஓரத்தில் பெண் காவலர்களைப் பாதுகாப்புக்கு நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் உத்தரவு வந்தது. அதற்கு முன் நடந்ததை நினைத்தால் உத்தரவின் நியாயம் புரியும். வெயில் ஏறும் முன்பே சாலையோரம் போய் நின்று, கழிப்பறை எங்கே என்று தெரியாததால் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல், கான்வாய் கடந்த பிறகுதான் பாட்டிலைத் திறக்கும் காவலரின் நிலை அது. அவரை அங்கிருந்து விடுவித்தது நல்லதே. ஆனால் கழிப்பறை இல்லாததால் பெண்ணை விலக்குவதற்கும், பெண் இருப்பதால் கழிப்பறை அமைப்பதற்கும் இடையே அறத்தில் பெரிய தூரம். முன்னது சலுகை, சலுகை சேரச் சேர, "இவங்களை எதுக்கும் அனுப்ப முடியாது" என்ற முணுமுணுப்பும் சேரும். பின்னதால் அதே வெயிலில் நிற்கும் ஆண் காவலருக்கும் நிம்மதி. காவல்துறையில் பெண்கள் வந்து 50 ஆண்டு நிறைந்த 2023-இல், காலை 7 மணி அணிவகுப்பை அவர்களுக்கு 8 மணிக்கு மாற்றியதும் முன்னதைப் போன்ற சலுகையே. சமைத்து வைத்துவிட்டுத்தான் பெண் பணிக்கு வர முடியும் என்ற நிலையை அது ஒப்புக்கொள்கிறது. நிலையை ஒப்புக்கொள்வது இன்றைய தேவை. அதை நியாயம் என்று ஏற்றுவிடக் கூடாது.

இன்னொரு மறுப்பு, கூப்பிட்டாலும் பெண்கள் வருவதில்லை என்பது. இரவு எட்டு மணிக்கு, டீக்கடைக்கு மேல் மாடியில், சங்க அலுவலகத்தில் கூட்டம் வைத்தால் எந்தப் பெண் வருவாள்? நேரத்தையும் இடத்தையும் நிர்ணயிப்பவர் ஆளையும் நிர்ணயித்துவிடுகிறார். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆன பிறகும் தலைவி நாற்காலியில் கணவர் உட்காருகிறாரே என்பார்கள். உட்காருகிறார்தான். அந்தக் குற்றத்தில் பாதி உட்காருகிறவருக்கு. மீதி, கோப்பை அவரிடம் நீட்டும் அலுவலருக்கு.

தனியாக ஒரு சிறு மேசை போட்டுக் கொடுப்பதும் தீர்வு ஆகாது. இலங்கையில் 2002-03 பேச்சுவார்த்தையின்போது இரு தரப்புப் பெண்களும் கொண்ட பாலின விவகார உபகுழு அமைக்கப்பட்டு, 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடியது. அரசுத் தரப்பில் குமாரி ஜெயவர்த்தன போன்ற அறிஞர்கள், விடுதலைப் புலிகள் தரப்பில் தமிழினி. போர் பிரித்துவைத்த பெண்கள் ஒரே அறையில் உட்கார்ந்தது சிறிய காரியமல்ல. அடுத்த மாதமே புலிகள் பேச்சிலிருந்து விலக, உபகுழுவும் அதோடு நின்றது. பெரிய மேசை கவிழ்ந்தபோது அதைத் தடுக்கும் இடத்தில் அவர்கள் யாரும் இல்லை.

சோமனூர் செய்யக்கூடியது இதைவிட எளிது. அடுத்த கூலிப் பேச்சுக்குச் சங்கத்தின் குழுவில், தார் சுற்றி வீட்டுக் கணக்குப் பார்க்கும் பெண்கள் இருவர் மூவர், சம்பிரதாயத்துக்கு இல்லாமல் பேசும் அதிகாரத்தோடு போகலாம். அமைதிக் கூட்டத்துப் பட்டியலைப் பழைய தாளைப் பார்க்காமல் ஒருமுறை புதிதாக எழுதலாம். கூட்டத்தைப் பகல் வேளையில், பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ வைக்கலாம்.

அப்படிப் போன பெண்கள் உட்கார்ந்தும் அதே 15 சதவீதமே முடிவாகலாம். 10 ஆகக் குறையவும் செய்யலாம். பேரம் என்றால் அப்படித்தான். அதனால் அவர்கள் போனது வீண் ஆகிவிடாது. தறி மறுபடி ஓடத் தொடங்கும் அந்த இரவில், வாசலில் நின்று "முடிஞ்சுதுங்ளா?" என்று கேட்பது அவர்களின் வீட்டுக்காரர்களாக இருக்கும்.