விளையும் பயிர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். சொன்னவர் சொந்தமாக நிலம் வைத்து உழுதவராக இருந்திருக்க முடியாது என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். நாற்று செழிப்பாக நிற்கிறதே என்று கடன் வாங்கிக் கல்யாணத்துக்கு நாள் பார்த்தவன், அறுவடைக்கு முந்தின வாரம் மழையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நின்ற கதை எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். ஆனாலும் பழமொழி நம்மை விட்டுப் போகவில்லை. குழந்தை நாலு வரி பாடிவிட்டால், "இது பெரிய வித்துவானாக வரும்" என்கிறோம். கணக்கில் இரண்டு தடவை தவறிவிட்டால், "இது தேறாது" என்கிறோம். இரண்டையும் குழந்தையின் காதுபடவே சொல்கிறோம்.

இந்தப் பழமொழியைத் தொழிலாகவே ஆக்கி, அதற்குப் 'பண்ணை' என்றே பெயர் வைத்து நடத்துகிற தேசம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் இருக்கும் என் சகோதரி மகனிடம் ஒரு கோடையில் போய்த் தங்கியிருந்தபோதுதான் எனக்கு இந்தச் சங்கதி தெரிந்தது. அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். கிரிக்கெட்டிலிருந்து பொறுமையைக் கழித்தால் பேஸ்பால் என்று ஒருநாள் சொன்னேன். அவன் அன்று முழுவதும் என்னுடன் சரியாகப் பேசவில்லை.

பெரிய லீகில் 30 கிளப்புகள். ஒவ்வொரு கிளப்புக்கும் கீழே படிக்கட்டு மாதிரி நாலு சிறிய கிளப்புகள். ஆக 120. 2020 வரையில் இன்னும் ஏறக்குறைய 40 ஊர்களில் இருந்தன. சிக்கனத்தை உத்தேசித்துக் குறைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் முடித்த பையன்களும் காலேஜ் பையன்களும் டொமினிகன் குடியரசிலிருந்து 16 வயதிலேயே ஒப்பந்தமாகி வருகிற ஏழைப் பிள்ளைகளும் கீழ்ப்படியில் சேருகிறார்கள். ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் ஆடுகிறார்கள். சிலர் மேலே ஏறுகிறார்கள். பெரும்பாலோர் நடுப்படியிலேயே நின்று, ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நம்முடைய ரஞ்சி அணி ரஞ்சிக் கோப்பைக்காக ஆடுகிறது. அங்கே கீழ்க் கிளப் முக்கியமாக மேல் கிளப்புக்கு ஆள் தயாரிப்பதற்காக இருக்கிறது. வித்தியாசம் பெரிது.

இந்த ஏற்பாட்டை உண்டாக்கியவர் பிராஞ்ச் ரிக்கி என்ற மனிதர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற கிளப்பை நடத்தியவர். கிளப்பிடம் பணம் இல்லை. தயாரான ஆட்டக்காரர்களைப் பணக்காரக் கிளப்புகள் விலை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போயின. வாங்க முடியாவிட்டால் விளைவித்துக்கொள்வோம் என்று 1919-க்குப் பிறகு சிறிய ஊர்க் கிளப்புகளில் ஒவ்வொன்றாகப் பங்கு வாங்க ஆரம்பித்தார். 1930-களின் முடிவில் அவர் கையில் முப்பதுக்கு மேற்பட்ட கிளப்புகள், நூற்றுக்கணக்கான பையன்கள். ரிக்கி பக்திமான். தாயாருக்குக் கொடுத்த வாக்குக்காக ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மைதானத்துப் பக்கமே போகாதவர். மற்ற ஆறு நாட்களிலும் அவர் போட்ட கணக்கு இதுதான்: நூறு விதைத்தால் இரண்டு முளைக்கும், எது அந்த இரண்டு என்று முன்கூட்டித் தெரியாது, ஆகையால் நூறையும் கையில் வைத்துக்கொள்.

இதன் மேல் கட்டிய இன்னொரு மாடிதான் என் மருமகனின் பொழுதுபோக்கு. 1980-ல் நியூயார்க்கில் டானியல் ஒக்ரென்ட் என்ற பத்திரிகைக்காரரும் நண்பர்களும் ஒரு விளையாட்டு ஆரம்பித்தார்கள். நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்ததாகப் பாவித்து, ஆளுக்கொரு கற்பனை அணி சேர்த்துக்கொள்வது. நிஜ ஆட்டத்தில் அவர்கள் எடுக்கிற ஓட்டம் தனக்கு வந்ததாகக் கணக்கு. அவர்கள் கூடிப் பேசின ஹோட்டலின் பெயர் லா ரோட்டிஸ்ரி பிரான்சேஸ். விளையாட்டுக்கும் 'ரோட்டிஸ்ரி' என்றே பெயர் வந்துவிட்டது. இன்று கோடிக்கணக்கான பேர் வெவ்வேறு ஆட்டங்களில் இப்படி விளையாடுகிறார்கள். இதில் ஒரு பிரிவு, அணியை வருஷாவருஷம் கலைக்காமல் வைத்துக்கொண்டே போவது. அதில் ஜெயிக்க வேண்டுமானால் இன்றைய சூரனை நம்பினால் போதாது. ஐந்து வருஷம் கழித்துச் சூரனாகப் போகிறவனை இன்றைக்கே பிடித்துப் போட வேண்டும். ஆகவே என் மருமகன் ராத்திரி இரண்டு மணி வரையில் உட்கார்ந்து, தான் ஒருநாளும் காணாத 18 வயதுப் பையன்களின் ஜாதகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பான்.

ஜாதகம் என்று சும்மா சொல்லவில்லை. கட்டங்களும் எண்களும் அப்படியே இருந்தன. பையன்களைப் பார்த்துவரக் கிளப்புகள் அனுப்புகிற ஆட்கள், அடிக்கும் திறமை, அடியின் பலம், ஓட்டம், தடுப்பு, எறிதல் என்று ஐந்துக்கும் 20 முதல் 80 வரை மார்க் போடுகிறார்கள். 50 என்றால் பெரிய லீகில் சராசரி. 100 ஏன் இல்லை என்று கேட்டேன். அது ஏதோ புள்ளியியல் வழக்கமாம். மனிதனுக்கு நூற்றுக்கு நூறு போடலாகாது என்ற அடக்கம் போலும் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் சில மிகவும் புத்திசாலித்தனமானவை. ஒரு கிளப்பின் பண்ணை உயர்ந்தது என்று நிபுணர்கள் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கிளப்புக்குப் பந்தைப் பாய்ந்து தடுக்கிற பையன் தங்கம். கற்பனை அணிக்கு அவன் பித்தளை. தடுப்புக்கு அங்கே புள்ளி கிடையாது. ரீனோ, ஆல்பக்கர்க்கி போன்ற மேட்டு ஊர்களில் காற்று லேசானது. பந்து தானாகப் பறக்கும். அங்கே அடித்த அடியில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். எத்தனை அடித்தான் என்பதைவிட, எந்தப் பந்தை அடிக்காமல் விட்டான் என்று பார்க்க வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்தது, எழுத்தாளர்களுக்கும் பொருந்தும். பந்து எறிகிறவர்களை அதிகம் நம்பக் கூடாது. முழங்கை எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக வயது. ஒரே மைதானத்தில் ஒரே மாதிரி ஆடுகிற இருவரில் 19 வயதுக்காரன் பொக்கிஷம். 25 வயதுக்காரன் கிழவன்.

ஒரு சாயங்காலம் பிரிட்ஜ்வாட்டருக்குப் போனோம். நம்மவர்களுக்கு அந்த ஊர் என்றால் பெருமாள் கோயில். எங்களுக்கும் முதலில் கோயில், பிறகு மைதானம். அங்கே சாமர்செட் பேட்ரியட்ஸ் என்ற கிளப் இருக்கிறது. 2021 முதல் நியூயார்க் யாங்கீஸின் இரண்டாவது மேல்படி. என் மருமகன் மூன்று வருஷமாகக் கற்பனையில் வைத்திருந்த பையன் அன்று பந்து எறிந்தான். இருபது வயதிருக்கும். கழுத்து நீண்டு, கன்றுக்குட்டி மாதிரி இருந்தான். எதிரில் முகமூடியும் மார்புக் கவசமும் போட்டுக் குத்திட்டு உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன் — நம் விக்கெட் கீப்பர் போல; அங்கே கேட்சர் என்பார்கள் — வயதில் மூத்தவனாகத் தெரிந்தான்.

நாலாவது சுற்றில் பையன் தடுமாறினான். பந்து தரையில் குத்திக் குத்தி வந்தது. ஒவ்வொன்றையும் கேட்சர் மார்பால் தடுத்தான். ஒன்று தோளில் பட்ட சத்தம் எங்கள் வரிசைக்கே கேட்டது. பிறகு எழுந்து மெதுவாக நடந்து போய், கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு பையனிடம் என்னவோ சொன்னான். பையன் சிரித்தான். அடுத்த மூன்று பந்தில் எதிரி ஆள் அவுட்.

"விலை ஏறிடுச்சு மாமா!" என்று குதித்தான் என் மருமகன்.

"அந்தக் கேட்சர் யார்?" என்று கேட்டேன்.

"அவனை விடுங்க. எந்தப் பட்டியல்லேயும் இல்லே. நிரப்புக்கு வச்சிருக்கிற ஆள். பந்து எறியறவனுக்கு யாராவது பிடிக்கணுமே, அதுக்கு."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வருகையில் காரில் ஒரு பிரசங்கமே செய்தேன். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எட்டு வருஷத்தைக் கொடுத்து உழைக்கிறான். உனக்கு அவன் நிரப்பு. ஒரு பையன் தன் முழங்கையைப் பணயம் வைக்கிறான். உனக்கு அவன் விலை. அவர்கள் வாழ்ந்துகொண்டிருக்கிற வருஷங்கள் உனக்கு விதைப்புக் காலம், அவ்வளவுதானே என்று கேட்டேன். நன்றாகத்தான் பேசினேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "மாமா, நான் அவனுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? நான் ஒருத்தன் இருக்கிறதே அவனுக்குத் தெரியாது. நான் வித்தாலும் அவன் சம்பளம் குறையாது, வாங்கினாலும் கூடாது. நீங்க சிறுகதைப் போட்டிக்கு நடுவரா இருந்தீங்களே, நீங்க ஓரத்திலே எழுதினதை நம்பித்தானே ஒருத்தன் கதையைத் திருப்பி அனுப்பினாங்க?" என்றான்.

காரில் அதன் பிறகு சத்தமில்லை.

அவன் சொன்னது வாஸ்தவம். பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையின் போட்டிக்கு வந்த கதைகளை நான் படித்துத் தரம் பிரித்தேன். ஒரு கதையின் ஓரத்தில், 'உழைப்பு இருக்கிறது; வளர இடமில்லை' என்று பென்சிலால் எழுதினேன். அது ஆசிரியர் கண்ணுக்கு மட்டும். எழுதியவருக்குப் போனது, இடமின்மையால் பிரசுரிக்க இயலவில்லை என்ற அச்சடித்த சீட்டு. இடத்துக்குக் குறைவே இல்லை. அந்தச் சொற்றொடர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுதியவர் பெயர் ஞாபகம் இல்லை. அவர் பிறகு எழுதினாரா என்பதும் தெரியாது.

இளைஞனை எடைபோடுவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். எடைபோடாமல் ஆசிரியர் இல்லை, பெண் கொடுப்பவர் இல்லை, சங்கீத வித்துவான் இல்லை. எடை தவறுவதும் பெரிய குற்றமல்ல. 1966-ல் தேசம் முழுவதிலுமிருந்து முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்டீவ் சில்காட் ஒரு நாள்கூடப் பெரிய லீகில் ஆடவில்லை. காயங்கள் அவரை முடித்தன. அவருக்கு அடுத்தபடி எடுக்கப்பட்டவர் ரெஜி ஜாக்ஸன், அந்த ஆட்டத்தின் பெரும் வீரர்களில் ஒருவர். 1988-ல் மைக் பியாட்ஸா என்ற பையனை 62-வது சுற்றில், 1390-வது ஆளாக, அவன் தகப்பனாரின் சிநேகிதர் ஒருவர் சொன்னதற்காக, தாட்சண்யத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 2016-ல் அவருக்குப் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். நிபுணர்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட மார்க்கைவிட ஒரு சிநேகிதரின் முகதாட்சண்யம் சரியாக மார்க் போட்டிருக்கிறது.

என்னை உறுத்துவது வேறு. எடைபோட்டவன், எடையை உரியவனிடம் சொல்லக் கடமைப்பட்டவனா?

கிளப்புக்குத் தெரியும், அந்தக் கேட்சர் மேலே போகப்போவதில்லை என்று. தெரிந்தும் வைத்திருக்கிறது. பொக்கிஷம் பந்து எறிய வேண்டுமானால் ஒன்பது பேர் வேண்டும். ஒன்பது பேரும் பொக்கிஷமாக இருக்க முடியாது. எட்டுப் பேரின் நம்பிக்கையின் மேல் நின்றுதான் ஒருவன் பந்து எறிகிறான். நம்பிக்கை மலிவான சரக்கு. 2018-ல் அமெரிக்கக் காங்கிரஸ், இந்தச் சின்ன லீக் பையன்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் பொருந்தாது என்று ஒரு விதிவிலக்கே செய்தது. அந்தக் கேட்சர் இருந்த படியில் 2022-ல்கூட வருஷச் சம்பளத்தின் கீழ்வரம்பு 13,800 டாலர். சங்கம் கட்டி, 2023-ல் முதல் ஒப்பந்தம் வாங்கிய பிறகுதான் 30,250 ஆயிற்று. இத்தனை காலம் மீதியை நம்பிக்கையே சம்பளமாகக் கொடுத்துவந்தது.

ரிக்கியின் காலத்திலேயே இதற்கு ஒரு வழக்கு வந்தது. பேஸ்பாலின் கமிஷனராக லாண்டிஸ் என்ற பழைய நீதிபதி இருந்தார். பண்ணை முறையே அவருக்குப் பிடிக்காது. ஒரே லீகில் ஒன்றுக்கு மேற்பட்ட கிளப்புகளை கார்டினல்ஸ் மறைமுகமாகக் கையில் வைத்திருந்தது என்று கண்டு, 1938-ல் எழுபதுக்கு மேற்பட்ட பையன்களை ஒரே உத்தரவில் விடுவித்தார். அவர்களில் ஒருவன் பீட் ரைஸர். புருக்ளினுக்குப் போய் 1941-ல் தன் லீகிலேயே அடிப்பதில் முதல்வனானான். அப்படியானால் லாண்டிஸ் தர்மவான், ரிக்கி பதுக்கல்காரர் என்று தீர்ப்பு எழுதிவிடலாமே என்று பேனாவை எடுத்தால், சரித்திரம் கையைப் பிடிக்கிறது. லாண்டிஸ் 1920 முதல் 1944-ல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். அத்தனை வருஷமும் பெரிய லீகில் ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை. அவர் மறைந்த மறுவருஷம் ஜாக்கி ராபின்ஸனை ஒப்பந்தம் செய்தவர் ரிக்கி. 1946-ல் ராபின்ஸன் முதலில் ஆடியது மான்ட்ரியலில் — புருக்ளின் கிளப்பின் பண்ணையில். மறுவருஷம் புருக்ளினுக்கே வந்துவிட்டார். எழுபது பேரைத் திறந்துவிட்டவருக்குப் பூட்டியிருந்த பெரிய கதவு கண்ணில் படவில்லை. எழுபது பேரைப் பூட்டிவைத்தவர் அதைத் திறந்தார். நாவலில் இப்படி எழுதினால் செயற்கை என்பார்கள்.

சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று சில நாள் தோன்றுகிறது. அந்தக் கதாசிரியருக்கு நான் உண்மையை எழுதியிருந்தால், ஒன்று, கோபத்தில் இன்னும் நன்றாக எழுதியிருப்பார்; அல்லது பத்து வருஷத்தை வேறு காரியத்துக்குக் கொடுத்திருப்பார். இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. அதை நான் அச்சடித்த சீட்டில் மடித்து எடுத்துக்கொண்டேன். வேறு சில நாள், பியாட்ஸாவை நினைக்கிறேன். 62-வது சுற்று என்பதைவிடத் தெளிவாக ஒருவனுக்கு எதைச் சொல்ல முடியும்? சொன்னார்கள், அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களில் இன்னொரு பியாட்ஸா இருந்தானா என்று எந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்வது?

அந்தக் கேட்சருக்குத் தெரியாமலா இருக்கும்? 25 வயது கடந்தவன். தனக்குப் பின் வந்தவர்கள் தன்னைத் தாண்டிப் போவதை வருஷாவருஷம் பார்த்தவன். தெரிந்துதான் தோளில் பந்தை வாங்கிக்கொண்டான். தெரிந்துதான் அந்தப் பையனைச் சிரிக்கவைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன சொல்லியிருப்பான் என்று இப்போதும் சில ராத்திரி யோசிப்பதுண்டு.

போன மாதம் மருமகன் டெலிபோனில் பேசினான். அவனுடைய பையனுக்கு முழங்கையில் வலி என்று பேச்சு அடிபடுகிறதாம். ஊர்ஜிதமாவதற்குள் விற்றுவிடலாமா என்று என்னையே கேட்டான். வாங்குகிறவனிடம் வலியைச் சொல்லிவிட்டு விற்பாயா என்று கேட்டேன். சிரித்தான். அடுத்த வாரம் விசாரித்தேன். விற்கவில்லை. மனசு மாறிவிட்டதா என்றால், நல்ல விலை வரவில்லை என்கிறான்.