20 நாளுக்கு ஒரு நாள்

கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி ஓரகடம் நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் நேரம் இது. ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்குப் போகிறவர்களும் நைட் ஷிப்ட் முடித்துக் கண் சொருகத் திரும்புகிறவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு இன்று ஒரு பயண யோசனை சொல்லப் போகிறேன்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது ஏற்காடு, கொடைக்கானலோடு நிற்பதில்லை. நாலு பேர் செட்டு சேர்ந்து, சம்பளத்தில் மாதாமாதம் எடுத்துவைத்து, கடல் தாண்டிப் போகிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அப்படி மொரிஷியஸ் போக நினைப்பவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. கடலுக்கடியிலிருந்து எரிமலை கக்கிய குழம்பால் உருவான தீவு அது. நம் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை.

முதலில் லீவுக் கணக்கு. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் ஈ.எல்., அதாவது சம்பளத்தோடு லீவு, என்பது சட்டம். வருஷம் முழுக்க உழைத்தாலும் 15 நாள் தேறினால் பெரிது. அதில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், தங்கை கல்யாணம், குலதெய்வக் கோவில் எல்லாம் போக, கையில் நிற்பது நாலைந்து நாள்தான். அதைப் பொங்கல் லீவோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். அந்தத் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அவர்களுக்குப் புயல் காலம். நாம் இங்கே கத்திரி வெயிலில் வாடுகிற மே மாதத்தில் அங்கே இதமான குளிர் தொடங்கும். போவதானால் அப்போது போங்கள்.

நீளம் 65 கிலோமீட்டர், அகலம் 45. சின்னத் தீவுதானே, ஒரு இடம் விடாமல் பார்த்துவிடலாம் என்று வண்டியிலேயே நாளைக் கழித்துவிடாதீர்கள். கடற்கரைக்கு ஒரு நாள் போதும். குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையை அடித்துக்கொண்டே இருக்கும். குளிக்க மேற்குக் கரைதான் சுகம். ஷமரேல் என்ற ஊரில் ஏழு நிற மண் மேட்டையும் பாருங்கள். எரிமலைப் பாறை காலப்போக்கில் மக்கி, அதிலிருக்கும் இரும்பு அந்தச் சிவப்பையும் பழுப்பையும் ஊதாவையும் தந்திருக்கிறது. 

அப்புறம் கியூர்பீப் ஊரில் இருக்கிற ட்ரூ ஓ செர்ஃப் என்ற எரிமலை வாய். வாயின் விளிம்பைச் சுற்றி ரோடு போட்டிருக்கிறார்கள். பேசிக்கொண்டே நடந்து சுற்றி வந்துவிடலாம். உள்ளே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அணைந்து எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. சரிவு முழுக்க மரம், அடியில் சேற்றுக் குட்டை.

அங்கிருந்து இறங்கி வரும்போது கரும்புத் தோட்டங்களைக் கவனியுங்கள். பச்சைக் கரும்புக்கு நடுவே ஆள் உயரத்துக்கும் மேலாகக் கருங்கல் குவியல்கள் நிற்கும். எரிமலை கக்கிய கல். அதை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, தூக்கி, ஓரமாக அடுக்கி, அந்த மண்ணைக் கரும்புக்கு ஆக்கியவர்கள் முதலில் ஆப்பிரிக்க அடிமைகள், அவர்களுக்குப் பிறகு நம் ஆட்கள். தமிழன் அங்கே போனது அதற்கும் முந்தி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனாரும் தச்சரும் போய் போர்ட் லூயிஸ் நகரத்தைக் கட்டினார்கள். இன்றைக்கும் அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை.

ஆகவே, கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள் கரையேறிய, போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இருக்கும் ஆப்ரவாசி காட் என்ற இடத்துக்குக் கட்டாயம் அரை நாள் ஒதுக்குங்கள். 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கப்பலை விட்டு இறங்கிய கூலிகள் ஏறிய கல் படிக்கட்டு அப்படியே இருக்கிறது. 1834-இலிருந்து 1920 வரை இந்தியாவிலிருந்து நாலரை லட்சம் பேருக்கு மேல் அந்தத் தீவுக்குப் போனார்கள். கல்கத்தாவில் கப்பலேறியவர்கள் அதிகம், அவர்களில் பீகார் பக்கத்தவர் நிறைய. மதராஸில் ஏறியவர்கள் நம்மவர்கள். இன்று காலை உங்கள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் சாய்ந்து தூங்குகிறானே, அந்தப் பீகார் தம்பியின் ஊர்க்காரரும் நம் ஊர்க்காரரும் ஒரே படியில் ஏறி, ஒரே கொட்டகையில் படுத்து, பிறகு தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போயிருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஐந்து வருஷக் காண்ட்ராக்ட். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். டபுள் கட் என்று அதற்குப் பெயர். காய்ச்சலில் படுத்தாலும் கடன் ஏறும். காண்ட்ராக்ட் முடிந்த பிறகும் போட்டோ ஒட்டிய அடையாளச் சீட்டு இல்லாமல் வெளியே நடக்க முடியாது. போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும். அந்த நிலையிலிருந்து, 20 நாள் உழைத்தால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்ற இடத்துக்குத் தொழிலாளி வந்து சேர எத்தனை போராட்டம், எத்தனை தலைமுறை! அப்படிக் கிடைத்த லீவில்தான் நீங்கள் அந்தப் படிக்கட்டைப் பார்க்கப் போகிறீர்கள். உங்களைவிட அதைப் பார்க்க உரிமையுள்ளவர் யார்? பீகார் தம்பியையும் முடிந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரே ஒரு விஷயம். போர்ட் லூயிஸ் ஞாயிற்றுக்கிழமை கடை, ஆபீஸ் எல்லாம் அடைத்து ஓய்ந்துவிடும். துறைமுகத்தை வேலை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விமானம் எந்தக் கிழமை என்று பாருங்கள். லீவு லெட்டரில் திங்கட்கிழமையையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.