கடல் கடந்த கணினியும் கள்ளாமை விரதமும்

இல்லறத்தார்க்கு விதிக்கப்பெற்ற ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையும் ஒன்று. பிறர் பொருளைக் கவராதிருத்தல் என்னும் அளவோடு இவ்விரதம் நின்றுவிடுவதில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இதற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், அளவையில் வஞ்சித்தல், போலிப் பொருளை விற்றல் ஆகியவற்றோடு, நாட்டின் ஒழுங்கை மீறி வாணிகம் செய்தலும் அவற்றுள் ஒன்று. உரிய வரியை மறைத்தலும் இதன்பாற்படும் என்பதே நம் கருத்து.

இந்த அதிசாரம் இன்று புதிய உருவில் வருகிறது. சேலத்து வெள்ளிக் கொலுசும் இளம்பிள்ளைச் சேலையும் இணையத்தின் வழியே விற்பனையாகும் காலம் இது. அக்கடையின் பக்கங்களைத் தாங்கி நிற்கும் சர்வர் என்னும் கணினி, அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். "சர்வர் அயல்நாட்டில் இருப்பதால் வருமானமும் அயல்நாட்டதே, இங்கு வரி இல்லை" என்று இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியா?

சரியன்று. இந்தியாவில் வசிப்பவராகச் சட்டம் கருதும் ஒருவர், உலகில் எங்கு ஈட்டிய வருமானத்திற்கும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வகுத்த இக்கொள்கையை 2025இல் இயற்றப்பெற்ற புதிய சட்டமும் ஏற்றுள்ளது. நாமக்கல் லாரி அஸ்ஸாம் வரை சென்று வாடகை ஈட்டினாலும், அவ்வருமானம் நாமக்கல்லில் உள்ள உரிமையாளரின் கணக்கில்தானே சேர்கிறது? சர்வரும் அத்தகையதே. அயல்நாட்டில் உரிய முறையில் வரி செலுத்தியிருந்தால், இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி அதற்கு இங்கே கழிவு பெறலாம்.

சர்வர் இருக்குமிடம் பொருட்டாகும் சூழலும் உண்டு. அஃது அயல்நாட்டு நிறுவனங்களைப் பற்றியது. கொல்கத்தாவைச் சேர்ந்த பூ வணிக நிறுவனம் ஒன்று கூகுள், யாகூ ஆகியவற்றில் விளம்பரம் செய்தது. அதற்கு அளித்த தொகையில் வரி பிடித்தம் செய்யவில்லை என்று வழக்கு எழுந்தது. சர்வர் இந்தியாவில் இல்லாதபோது வலைத்தளம் மட்டுமே இங்கு நிலையான தொழிலிடம் ஆகாது என்றும், எனவே அத்தொகைக்கு இங்கு வரியில்லை என்றும் கொல்கத்தா வருமான வரித் தீர்ப்பாயம் 2013இல் கூறியது. இவ்விடைவெளியை அடைக்க, அயல்நாட்டு நிறுவனங்களுக்கு அளிக்கும் இணைய விளம்பரக் கட்டணத்தின் மீது 6 விழுக்காடு சமன்படுத்தும் வரியை அரசு 2016இல் விதித்தது. அயல்நாட்டு இணைய வணிகர்கள் மீது 2020இல் 2 விழுக்காடும் விதிக்கப்பெற்றது. பின்னது 2024 ஆகஸ்டிலும், முன்னது 2025 ஏப்ரலிலும் நீக்கப்பெற்றன.

"பெருநிறுவனங்களே தப்பும்போது சிறு வணிகர் மட்டும் ஏன் செலுத்த வேண்டும்?" என்று சிலர் வினவுவர். இவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், சட்டம் ஒருவரை எட்டாதிருத்தல் வேறு. எட்டும் சட்டத்திடமிருந்து ஒருவர் ஒளிந்துகொள்ளுதல் வேறு. முன்னது சட்டமியற்றுவோர் திருத்த வேண்டிய குறை. பின்னது நம் நெஞ்சு அறிந்து செய்யும் களவு. பிறர் விரதம் காவாமை, நாம் விரதத்தைக் கைவிடுவதற்குக் காரணமாகாது.

வாடகை குறைவு என்றோ, வாங்குவோர் அங்கே மிகுதி என்றோ அயல்நாட்டுச் சர்வரைத் தேர்ந்தெடுப்பதில் குற்றமில்லை. அவ்வாடகையைச் செலவாகக் காட்டலாம், ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் அதற்குரிய வரியைத் தாமே செலுத்தி, விதிப்படி வரவும் வைத்துக்கொள்ளலாம். செய்த ஏற்பாட்டைக் கணக்கேட்டில் ஒளிவின்றி எழுத முடியுமா என்பதே உரைகல். எழுத முடிந்தால் அது வாணிகம். எழுதக் கை கூசினால், சர்வர் எந்நாட்டில் இருப்பினும் அஃது அதிசாரமே.

கணினியைக் கடல் கடந்து வைக்கலாம். கடமையை அவ்வாறு வைத்தல் இயலாது. வினையின் கட்டு, செய்தவரின் உயிரோடு அன்றோ சேர்கிறது? இதனைப் பெரியோர் தத்தம் இல்லத்து இளைஞர்க்கு, தொழில் தொடங்கும் நாளிலேயே எடுத்துரைப்பாராக.