ஏழுமலையானிடம் ஒரு நர்சிங் சீட்

திருப்பதியில் மலையடிவாரமான அலிபிரிக்குப் போகும் சாலையிலேயே ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. திருமலைக் கோயிலை நடத்தும் தேவஸ்தானம் தொடங்கியது, 1993-இல் சிகிச்சை ஆரம்பித்து, 1995-இல் மாநிலச் சட்டத்தால் பல்கலைக்கழகமாயிற்று. உள்ளேயே ஒரு நர்சிங் கல்லூரி. பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான இன்டரில் உயிரியல் பிரிவான பைபிசி முடித்த ஒரு பெண், அங்கே சீட் கிடைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு மலையேறினால், அவள் கேட்பது அந்தப் பெருமாளின் சொந்த வீட்டிலேயே ஓர் இடத்தை. சித்தூர்ப் பக்கம் குடிபாலாவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) வளாகம், அரகொண்டாவில் அப்போலோவின் நர்சிங் கல்லூரி. அங்கே விண்ணப்பம் போடுகிறவர்களுக்குச் சர்ச் இருக்கிறது, காணிப்பாக்கம் பிள்ளையார் இருக்கிறார். எங்கே கேட்டாலும் சிக்கல் ஒன்றுதான். மழை வேண்டினால் பக்கத்து வயலிலும் பெய்யும், சீட் அப்படியல்ல. இத்தனை இடம் என்று எண்ணி வைத்த பிறகு ஒருத்தி உள்ளே வந்தால் இன்னொருத்தி வெளியே நிற்பாள். அப்படியானால் ‘எனக்குக் கொடு’ என்ற வேண்டுதலுக்குள் ‘அவளுக்குக் கொடுக்காதே’ என்பதும் இருக்கிறதா?

இருக்கிறது என்றே நினைக்கிறேன். நர்சிங்கில் அது இன்னும் கனக்கிறது. வேறு பல போட்டிகளில் நஷ்டம் தோற்றவரோடு முடிந்துபோகும். இங்கே மூன்றாவதாக ஒருவர் உண்டு: கட்டிலில் படுத்திருப்பவர். இரவு இரண்டு மணிக்கு ட்ரிப் ஓடும் வேகத்தைப் பார்ப்பது, எழுதியிருக்கும் மருந்தளவில் புள்ளி ஓர் இலக்கம் தள்ளி விழுந்திருப்பதைக் கவனித்து, திட்டு விழுந்தாலும் பரவாயில்லை என்று டூட்டி டாக்டரை எழுப்புவது: அவருடைய உயிர் இதில் இருக்கிறது. போட்டிக்கு வந்த இன்னொருத்தி இந்த வேலைக்குக் கூடுதல் தகுதி உள்ளவள் என்றால், அவளைத் தள்ளிவிட்டு என்னை வை என்று கேட்பது அந்த நோயாளிக்கு எதிரான வேண்டுதல். இருவரும் சமம் என்றால், என்னைத் தேர்ந்தெடுக்க என் ஆசையைத் தவிர வேறு காரணத்தைச் சாமிக்கு என்னால் காட்ட முடியாது. நானே தகுதி மிக்கவள் என்றால் மெரிட் லிஸ்ட்டே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். லிஸ்ட் தவறும்போது மட்டும் கேட்க ஏதோ மிச்சம் இருக்கிறது. அப்போது கேட்பது நியாயம், சலுகை அல்ல.

பக்தர் ஒருவர் உடனே மறுப்பார்: பகவத் கீதையின் ஏழாம் அத்தியாயம் கண்ணனை நாடி வருகிறவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது, துயரப்படுகிறவனும் பொருள் வேண்டி வருகிறவனும் அதில் உண்டு, அத்தனை பேரையும் கண்ணன் உயர்ந்தவர்கள் என்றே சொல்கிறான், நீ யார் தடுக்க? சரியான கேள்வி. வைணவ ஆசாரியர்கள், சரணாகதி செய்தவன் பெருமாளைத் தவிர வேறு பயனைக் கேட்கலாகாது என்று கண்டிப்பாக இருந்தார்கள். அந்தக் கண்டிப்பைப் பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அவள் கேட்கட்டும். ஆனால் கேட்பவரை ஏற்பது வேறு, கேட்டதையெல்லாம் சரி என்பது வேறு. கீதை முதலாவதைச் சொல்கிறது. இரண்டாவதை அங்கே நான் காணவில்லை.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. சாமி லிஸ்ட்டைத் திருத்த வேண்டியதில்லை, அவளையே திருத்தலாம். படிக்கும்போது மனம் சிதறாமல், தேர்வு நாளில் காய்ச்சல் வராமல் காக்கலாம். ஒப்புக்கொள்கிறேன், இந்த வேண்டுதல் எவரையும் வெளியே தள்ளுவதில்லை. ஆனால் மலைப்படிகளில் கூட்டம் சேர்வது பெரும்பாலும் தேர்வு எழுதி முடித்து, கவுன்சலிங்குக்குக் காத்திருக்கும் வாரங்களில் அல்லவா? விடைத்தாள் கையை விட்டுப் போயாயிற்று. யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா இந்த இடத்தில் கறார்: ஊருக்குள் நுழையும்போது அலறல் கேட்டால், ‘இது என் வீட்டிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது’ என்று வேண்டுவது வீண். நடந்தது நடந்துவிட்டது. மைக்கேல் டம்மெட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1964-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு எதிர்வாதம் வைத்தார்: கடவுளுக்கு முன்கூட்டியே எல்லாம் தெரியும் என்றால், நாளைக்கு நான் செய்யப்போகும் வேண்டுதலை நேற்றே கணக்கில் எடுத்திருக்கலாமே. தர்க்கம் பழுதில்லை. மிஷ்னாவின் அந்த அலறலில் டம்மெட் தொடாத ஒன்று என்னை உறுத்துகிறது. அது என் வீட்டில் இல்லை என்றால் யாரோ ஒருவர் வீட்டில்.

மதிப்பெண்தான் தகுதியா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது கடினம். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை மருத்துவத்தின் நான்கு கால்களில் ஒன்றாகப் பணிவிடை செய்பவரை வைத்து, உபசாரம் அறிந்திருத்தல், திறமை, நோயாளிமேல் அன்பு, தூய்மை என்று நான்கு குணங்களை எதிர்பார்க்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரமும் அவரை மருத்துவருக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறது. இந்த நான்கில் அன்பை எந்தத் தேர்வு அளக்கும்? 1946-லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய சிஎம்சி நேர்காணலையும் திருச்சபைப் பரிந்துரையையும் நம்பிப் பார்த்தது. அதற்குள் சபைக்கு உள்ளே, வெளியே என்று வேறு ஒரு வேலி வந்துவிடுகிறது. ஆகவே லிஸ்ட் தவறலாம், அடிக்கடி தவறும். ஆனால் அந்தத் தவறைத் திருத்த வேண்டியவர்கள் அதைத் தயாரித்தவர்கள். மனிதர் செய்ய வேண்டியதைச் சாமியின் தலையில் கட்டக் கூடாது. கழிவுநீரெல்லாம் தேம்ஸ் நதியில் விழுந்துகொண்டிருக்க, கொள்ளைநோயிலிருந்து காப்பாற்று என்று சர்ச்சில் வேண்டுவதை விசித்திரம் என்றவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். இறைவன் தன்னைச் சேவைக்கு அழைத்ததாக 1837-இல், பதினாறு வயதில் நம்பியவர்தான் அவர். அழைப்பு வந்தும் வீடு விடவில்லை. ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் முறையாகப் பயிற்சி பெற 1851 ஆயிற்று. அந்தப் பதினான்கு ஆண்டு அழைப்பைப் பொய்யாக்கவில்லை. கவுன்சலிங்கில் பெயர் வராத பெண்ணுக்கும், சாமி வேண்டாம் என்றார் என்று நினைக்க இதைவிடக் கூடுதலான ஆதாரம் கிடையாது.

அம்மாவின் வேண்டுதலை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. மகளுக்காகக் கேட்பவள் ஊரார் பிள்ளைகளை எடைபோட்டுக் கேட்க வேண்டும் என்று எந்தத் தர்மமும் சொல்லாது. அவள் கோவிந்தா போட்டுக்கொண்டு நடக்கட்டும். மகளின் நிலை வேறு. முன்பின் தெரியாதவர்களைத் தன்னவர்போலப் பார்ப்பேன் என்று சொல்லித்தான் அவள் விண்ணப்பம் போடுகிறாள். அவளுக்கு முன்னால் நிற்கும் முதல் முன்பின் தெரியாதவள், அதே லிஸ்ட்டில் அவளுக்கு அடுத்த ரேங்க்கில் இருப்பவள்.