சாதியில்லாதவன் என்றொரு சாதி

பயோவேர் என்ற கனடா நாட்டுக் கம்பெனி 2009இல் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ என்கிற கணினி விளையாட்டில் ஒரு சாதி இருக்கிறது. அதன் பேர் ‘சாதியில்லாதவன்’. தோழர்கள் சிரிக்க வேண்டாம். கடலூர் முதுநகரில் அக்கா மகன் இதை எனக்கு விளையாடிக் காட்டினான். பிறகு சிதம்பரத்தில் மாணவர்கள் சிலரோடு அவனையும் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க இதைப் பற்றிச் சண்டை போட்டோம்.

விளையாட உட்காருகிறவர் ஆறு பிறப்புக் கதைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். (தேர்ந்தெடுத்துப் பிறக்கிற வசதி நம்ம சேரியில் யாருக்கும் கிடைத்ததில்லை, அது கிடக்கட்டும்.) அதில் ஒன்று, ஓர்சம்மார் என்ற பாதாள நகரத்தில் குள்ளர் இனத்தில் பிறப்பது. பிரபு, போர்வீரன், கொல்லன், வியாபாரி, வேலைக்காரன் என்று அங்கே அடுக்கு. ஆணுக்கு அப்பன் சாதி, பெண்ணுக்கு ஆத்தா சாதி. இந்த அடுக்குக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு முகத்திலேயே அடையாளம் குத்தித் தூசி நகரத்தில் விட்டுவிடுகிறார்கள். நமக்கு முகத்தில் குத்த வேண்டியதில்லை, தெருப்பேரே போதும். அயோத்திதாசப் பண்டிதர் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்று தலைநிமிர்ந்து சொல்லச் சொன்னதை அந்த ஊர் வசவாக வைத்திருக்கிறது. ஆதிக்கம் நம் சொல்லை எப்படித் திருப்பும் என்பது, தெரிந்தோ தெரியாமலோ, அவர்களுக்குப் பிடிபட்டிருக்கிறது.

சாதியில்லாதவன் போட்டிக் களத்தில் இறங்கக் கூடாது. குடித்துக் கிடக்கிற ஒரு போர்வீரனின் கவசத்தை மாட்டிக்கொண்டு அவன் இறங்குகிறான், ஜெயிக்கிறான். ஆள் யார் என்று தெரிந்ததும் சிறை. ஜெயித்தது கணக்கிலேயே வராது. பிறகு வெளியிலிருந்து வந்த ஒரு படைத்தலைவன் அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறான்.

இந்த இடத்தில்தான் எனக்கு நந்தன் ஞாபகம் வந்தான். பெரியபுராணத்தில் அவன் தில்லைக்குள் போக நெருப்பில் இறங்கி, பூணூலோடு எழுந்து வரணும். அங்கே கவசம், இங்கே பூணூல். போனது ஒரு ஆள். ஆதனூர்ச் சேரி அப்படியேதான் இருந்தது. அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தன் பேரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். நெருப்பில் ஒருத்தரை இறக்குகிற கதைக்கு, நூறு பிள்ளைகளை உட்கார வைக்கிற பள்ளிக்கூடம்தான் பதில். தூசி நகரத்துக்கு அப்படியொரு பதிலை அந்தக் கம்பெனிக்காரர்கள் யோசிக்கவில்லை.

சண்டை சூடானது ராஜா விஷயத்தில். ஹாரோமான்ட், பேலன் என்று இரண்டு பேர் அரியணைக்குப் போட்டி. ஹாரோமான்ட் வாக்குத் தவறாத பெரிய மனுசன். பேலன் சொந்த அண்ணன் சாவுக்கே சதி செய்தவன். நல்லவனை உட்கார வைத்தால் சாதிக்கட்டு இன்னும் இறுகுகிறது. சதிகாரன் சபையைக் கலைத்துவிட்டு, ஆயுதம் ஏந்தச் சம்மதிக்கிற சாதியில்லாதவர்களுக்குக் கொஞ்சம் உரிமை தருகிறான். இது ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். சொந்த ஒழுக்கம் வேற, சாதியைக் காப்பாத்துற ஒழுக்கம் வேற என்பதை இவ்வளவு நறுக்காகச் சொன்ன தமிழ் சினிமா எனக்கு ஞாபகமில்லை. ஊரில் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிற எத்தனை நல்ல மனுசர்கள் வீட்டில் நமக்குத் தனி டம்ளர் இருந்தது!

“அப்ப பேலனுக்கே போட்டுற வேண்டியதுதானே மாமா” என்றான் அக்கா மகன்.

எம்.ஏ. படிக்கிற ஒரு பெண் விடவில்லை. “உரிமையை அவன் குடுக்கிறான், அதுவும் சண்டைக்கு ஆள் வேணும்னு. நாளைக்கு ஆள் வேணாம்னா?” மகார்களைப் படையில் சேர்ப்பதை 1890களில் வெள்ளைக்காரன் நிறுத்தியதை நான் சொன்னேன். பயன் தீர்ந்ததும் கதவு சாத்தப்பட்டது.

“ராஜா யாருன்னு முடிவு பண்றதே நாமதானே, சாதியில்லாதவனாப் பொறந்து ஆடினாக்கூட” என்று அவன் மறித்தான். உண்மைதான். ஆனால் இரண்டு பிரபுக்களில் ஒருத்தன் என்பது முன்னமே எழுதி வைத்தது. 1932இல் பூனாவில் நடந்ததும் இதுதானே. ஆள் நம்மாள், ஆனால் அவர் ஜெயிக்க ஊர்த்தெரு ஓட்டு வேணும். சிதம்பரம் தனித்தொகுதியில் ஓட்டுப் போடுகிற எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓர்சம்மார் சபையிலோ தூசி நகரத்துக்கு அப்படி ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அதைக் கேட்கலாம் என்கிற வாய்ப்பு ஆடுகிறவர் முன்னால் வருவதே இல்லை.