புள்ளிக்கு முன்னே ஒழுக்கம்

2024 செப்டெம்பரில் இலங்கையில் நடந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வினாக்கள் சில முன்கூட்டியே வெளியாகின. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கடைசியில் மூன்று வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுத்து முடித்தார்கள். புள்ளிக் கணக்கு நேராயிற்று. ஆனால் பெரியவர்களே களவு செய்வார்கள் என்று எங்கள் மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொல முதல் நாடெங்கும் பத்து வயதுப் பிள்ளைகள் அன்று படித்த பாடத்தை யார் அழிப்பது?

அறத்தை விட்ட கல்வி கல்வியே அல்ல. வினாவைக் கசியவிட்டவர்கள் படிக்காதவர்களா? படிப்பு இருந்தது, அது நெஞ்சில் இறங்கவில்லை.

நம் மரபு இதை என்றோ தெளிந்திருந்தது. திருக்குறளின் கல்வி அதிகாரம் கற்பதை மட்டும் கேட்டு நிற்கவில்லை. கற்ற வழியில் நடப்பதையும் முதற்குறளிலேயே கேட்கிறது. தைத்திரீய உபநிடதத்தில் படிப்பை முடித்துப் புறப்படும் மாணவனுக்கு வாய்மையையும் அறத்தையுமே ஆசான் முதலில் சொல்லி அனுப்புகிறார். எங்களிடம் உள்ள நல்லொழுக்கத்தை மட்டும் பின்பற்று என்றும் சொல்கிறார். தன்னையே உரைகல்லில் வைத்த ஆசான் அவர்! பௌத்தத் திரிபிடகத்தின் சிங்காலோவாத சூத்திரம் ஆசிரியருக்கு விதித்த ஐந்து கடமைகளில் முதலாவது மாணவனை நல்லொழுக்கத்தில் பழக்குவது.

இவை தூரத்து நூல்கள் அல்ல. திரிபிடகம் ஏட்டில் ஏறியதாக மரபு சொல்லும் அலுவிகாரை இதே மாத்தளை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அலுவிகாரைப் பிக்குகளின் மரபும் மனனம் செய்த மரபே. அவர்கள் மனனம் செய்தது வாழ்வதற்காக. நம் பிள்ளைகள் மனனம் செய்வது வெட்டுப்புள்ளியைத் தாண்டுவதற்காக.

காந்தியடிகள் ராஜ்கோட்டில் படித்த நாளில் பரிசோதகர் ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். அவற்றில் ஒன்றைத் தவறாக எழுதிய அந்தச் சிறுவனை, பக்கத்துப் பையனின் பலகையைப் பார்த்து எழுதும்படி ஆசிரியரே சாடை காட்டினார். அவன் பார்க்கவில்லை. வகுப்பில் அவன் ஒருவனுக்குத்தான் அந்தப் பிழை. அந்தப் பிழைக்கு நிகரான முழுப்புள்ளி எது?

ஏழைப் பிள்ளைக்குப் பெரிய பாடசாலையின் கதவைத் திறப்பது இந்தப் பரீட்சைதான் என்பார்கள். உண்மை; உதவிப்பணத்தின் அருமை கூலி வீட்டுக்குத் தெரியும். ஆனால் களவு புகுந்தால் முதலில் அடைபடுவதும் அதே ஏழைப் பிள்ளையின் கதவுதான்.

ஆகவே பெற்றோரே, ஞாயிறு காலை அறநெறி வகுப்பை ரியூஷனுக்கு விற்காதீர்கள். ஆசிரியர்களே, சமய பாட வேளையில் மாதிரி வினாத்தாளை நீட்டாதீர்கள். சைவமோ பௌத்தமோ இஸ்லாமோ கிறிஸ்தவமோ, பொய்க்குப் புள்ளி தரும் சமயம் எதுவுமில்லை. பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தது என்பதற்கு முன், எப்படி எடுத்தது என்று கேளுங்கள். அதைக் கேட்கும் வீட்டில்தான் கல்வி தொடங்குகிறது.