மழையில் விட்ட தவணை

ஒற்றைத் தாள் கடிதம், முழுதும் ஆங்கிலம். எஹலியகொடையில் பஸ் இறங்கி நேராக என்னிடம் அதைக் கொண்டுவந்தவர், ஐம்பதை நெருங்கும் ஒரு பால் வெட்டும் தொழிலாளி. நான் படிப்பித்த பையனின் தாய். கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் முடிந்து, குனிந்து நிமிரவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நடந்ததால் ஆபரேஷனுக்குச் செலவில்லை. வாட்டில் கிடந்த நாட்களுக்கான நாட்காசைத்தான் காப்புறுதிக் கம்பனியிடம் கேட்டிருந்தார். காத்திருப்புக் காலம் முடியவில்லை, ஆகவே தர இயலாது என்றது கடிதம்.

“பதினஞ்சு மாசமும் கட்டிட்டேனே சேர். பொறகு ஏன் இல்லேங்கிறாங்க?”

எனக்கும் உடனே விளங்கவில்லை. ஒப்பந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு மாலைகள் உட்கார்ந்து படித்தேன். கர்ப்பப்பை, ஹேர்னியா, கண்புரை போன்ற சில ஆபரேஷன்களுக்கு 12 மாதக் காத்திருப்பு என்று ஓரிடத்தில் இருந்தது. அவர் சேர்ந்தது ஒரு மார்ச்சில், ஆபரேஷன் அடுத்த வருடம் ஜூனில். கணக்குச் சரிதானே என்று பக்கத்தைப் புரட்டினால் அடுத்த வாசகம்: காத்திருப்பு எண்ணப்படுவது ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்தோ, விட்டுப்போன ஒப்பந்தம் மீளப் புதுப்பிக்கப்பட்ட நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து.

முதல் வருடத்து ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அவர் தவணை கட்டவில்லை. சலுகை நாட்களும் கடந்து ஒப்பந்தம் செத்துப்போனது. செப்டெம்பரில் ஏஜன்ட் வந்து, நிலுவையையும் வட்டியையும் வாங்கிக்கொண்டு அதை உயிர்ப்பித்தார். அந்தச் செப்டெம்பரிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம்தான்.

காத்திருப்புக் காலம் என்ற ஏற்பாட்டையே நான் பிழை சொல்லவில்லை. எங்கள் தோட்டத்து மரணாதாரச் சங்கத்திலும் அது உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் வீட்டில் முதல் சில மாதங்களுக்குள் சாவு விழுந்தால் முழு உதவித்தொகை கிடைக்காது. வீட்டில் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது ஓடிவந்து சேர்ந்து, காரியம் முடிந்ததும் விலகிப்போனால், வருடக்கணக்காகச் சந்தா கட்டியவர்களின் பணம்தான் கரையும். சேர்ந்து சுமக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் அப்படியொரு வேலி வேண்டும். ஆனால் வேலை இல்லாத மாதத்தில் சந்தா தவறியவரைச் சங்கம் புதிய ஆளாக எண்ணுவதில்லை. நிலுவையைக் கட்டியதும் பழைய இடம் பழைய இடமாகவே இருக்கும். ஏன் தவறியது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவருக்கும் மழையால்தான் தவறியது. இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் மாவட்டங்களில் எங்கள் இரத்தினபுரியும் ஒன்று. தென்மேல் பருவக்காற்று மே கடைசியில் இறங்கிவிட்டால் றப்பர் மரத்தின் பட்டை ஈரம் காயாது. ஈரப் பட்டையில் வெட்டினால் பால் கோட்டை விட்டு வழிந்து மரமெல்லாம் பரவும், சிரட்டைக்கு வந்துசேரும் கொஞ்சத்தையும் மழைநீர் அடித்துப்போகும். மரத்தைச் சுற்றிப் பொலித்தீன் ஒட்டி ஓரளவு சமாளிக்கலாம், அடைமழைக்கு அதுவும் தாங்காது. வருடத் தொடக்கத்தில் இலை உதிரும் காலத்திலும் பால் குறையும். வெட்டு இல்லையென்றால் அன்றைக்குச் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், பேர் இல்லை, பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. சம்பளம் எவ்வளவானாலும், வேலைக்குப் போகாத நாளில் அது யாருக்கும் கிடைப்பதில்லை. அடுப்புக்கும் பிள்ளையின் பஸ் காசுக்கும் பிறகுதான் தவணை. ஆகவே முதலில் விழுவது தவணை.

மாதச் சம்பளக்காரரின் ஒப்பந்தத்தில் இந்தப் புதுப்பித்தல் வாசகம் பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். றப்பர்க் காட்டில் பிழைப்பவருக்கு அது ஒவ்வொரு மழைக்கும் விழித்துக்கொள்கிறது. மழை ஒவ்வொரு வருடமும் வரும், தவணை ஒவ்வொரு வருடமும் விடும், 12 மாதம் ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஒன்றிலிருந்து தொடங்கும். அப்படியானால் அவருடைய காத்திருப்பு எப்போதுதான் முடியும்? விட்ட மாதங்களின் பணத்தை வட்டியோடு வாங்கிய பிறகு, அந்த மாதங்களைக் காலக் கணக்கிலிருந்து தள்ளுவதை எந்த நியாயத்தில் வைப்பது என்று எனக்குப் புலப்படவில்லை.

சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறும் உண்டு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் முதல் 30 நாட்களுக்கு எந்த வருத்தத்துக்கும் பணம் இல்லை, விபத்துக்கு மட்டும் விலக்கு. பால் வெட்டும் கத்தி காலில் இறங்கினால் அது விபத்து. வயல் சேற்றிலிருந்தோ மாணிக்கக் குழித் தண்ணீரிலிருந்தோ தொற்றும் எலிக்காய்ச்சலோ நோய். இரத்தினபுரியில் அது புதிய நோயல்ல, ஆனாலும் முதல் மாதத்தில் வந்தால் கை விரிப்பார்கள். மாரடைப்பு, புற்றுநோய் போன்ற கடும் நோய்களுக்கான தனிக் காப்புக்குப் பெரும்பாலும் 90 நாட்கள். இவை கம்பனிக்குக் கம்பனி மாறும்.

எல்லாவற்றிலும் கடினமானது, சேருமுன்பே இருந்த வருத்தம். எங்கள் ஆட்களிடம் பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக் கொப்பி இருக்கும். அதன் முதல் பக்கத்துத் தேதி ஒப்பந்தத் தேதிக்கு முந்தியது என்றால் கேள்வி வரும். படிவத்தில் “நோய் எதுவும் இல்லை” என்று ஏஜன்டே கோடு போட்டு, கையெழுத்தை மட்டும் வாங்கிப்போன வீடுகளை நான் கண்டிருக்கிறேன். தெரிந்ததை மறைக்காமல் சொல்லும் கடமை காப்புறுதிச் சட்டத்தில் 1766ஆம் ஆண்டின் கார்ட்டர் எதிர் போஹம் வழக்கிலிருந்து பேசப்படும் ஒன்று. இங்கிலாந்தில் அந்தத் தீர்ப்பை எழுதிய மான்ஸ்ஃபீல்ட் பிரபு, அந்தக் கடமை இரு தரப்புக்கும் உரியது என்றே சொன்னார். விற்கும் தரப்பு தன் பங்கை லயத்து வாசலில் நின்று தமிழில் நிறைவேற்ற வேண்டும்.

வேலியின் உயரத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு அக்கரையிலேயே சாட்சி இருக்கிறது. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பை இந்தியாவின் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் உச்சமாக 48 மாதத்திலிருந்து 36 மாதமாக இறக்கியது. தொடர்ந்து ஐந்து வருடம் கட்டியவரிடம், மோசடி இருந்தாலொழிய, பழைய நோயை மறைத்தாய் என்று தட்டிக்கழிக்க முடியாது என்றும் வைத்தது. அதற்கு முன் அது எட்டு வருடம். எல்லோரும் சேர்ந்தேயாக வேண்டிய ஏற்பாட்டில் வேலியின் தேவையே குறைகிறது. நோயைக் கண்டு ஓடிவந்தவர் என்று எவரையும் சந்தேகிக்க இடமில்லாமல் போகிறது. நிறுவனங்கள் தொழிலாளர் அனைவருக்கும் எடுக்கும் குழுக் காப்புறுதிகளில் காத்திருப்பைப் பல தடவை தள்ளுபடி செய்வது அதனால்தான். தோட்டத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதத்தைச் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். அதே செக்ரோலில் தோட்டம் முழுவதற்கும் ஒரு குழுக் காப்புறுதி, மழை மாதத்தில் தோட்டமே கட்டிப் பிறகு பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு, ஏன் வரக்கூடாது? தோட்டத்து ஆளின் வைத்தியம் தோட்டத்தின் பொறுப்பு என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே வைத்திருந்தது. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் இதையும் மேசையில் வைக்க வேண்டும்.

கடிதம் கொண்டுவந்த அக்காவுக்கு இதையெல்லாம் நான் விரித்துச் சொல்லவில்லை. விட்ட மூன்று மாதத்தை மட்டும் கலண்டரில் காட்டினேன். அவர் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் வட்டியோட கட்டினது எந்த மாசத்துக்கு?”

அந்தக் கேள்வியை அப்படியே முதல் வரியாக வைத்துக் கம்பனிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினோம். பதில் திருப்தியில்லாவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போவதாகக் கடைசியில் சேர்த்தோம். ரசீதுகள் பதினைந்தையும் போட்டோக் கொப்பி எடுத்தோம். செப்டெம்பர் ரசீது மழையில் நனைந்து எழுத்து மங்கியிருந்ததால், அதை மட்டும் இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது. பிறகு டவுனுக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டோம்.